20 மீட்டர் தொலைவில் நின்று அளந்த கட்டடத்தின் உயரம் மைனஸ் 903 மீட்டர் என்று வருகிறது: எங்கே தவறினேன்?

கேள்வி — வரைபடத்தாள்

வணக்கம். நான் பத்தாம் வகுப்பு மாணவன். முக்கோணவியல் பாடம் தொடங்கி ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆகின்றன. முதல் வகுப்பிலேயே ஒரு செங்கோண முக்கோணத்தை வரைந்து, எதிர்ப்பக்கம், அடுத்துள்ள பக்கம், கர்ணம் என்று பெயரிட்டு, சைன், கொசைன், டேன் ஆகிய மூன்றையும் விகிதங்களாக எழுதிக் காட்டினார்கள். மறுநாளே 0, 30, 45, 60, 90 பாகைகளுக்கான அட்டவணை வந்துவிட்டது. அதை இரண்டே நாளில் மனப்பாடம் செய்தேன். வகுப்புத் தேர்வுகளில் இதுவரை ஒரு மதிப்பெண்கூடக் குறையவில்லை. ஆகவே பாடம் புரிந்துவிட்டது என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

சென்ற வாரம் செயல்திட்டத்துக்காக ஒரு கட்டடத்தின் உயரத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கோணமானியின் நேர்விளிம்பில் ஓர் உறிஞ்சுகுழலை ஒட்டி, மையப் புள்ளியில் நூல் கட்டி, நூலின் நுனியில் ஓர் இரும்பு நட்டைத் தொங்கவிட்டுச் சாய்வுமானி செய்துகொண்டேன். சுவரிலிருந்து நாடாவால் அளந்து 20 மீட்டர் தள்ளி நின்று, குழல் வழியாக மாடியின் கைப்பிடிச் சுவரைப் பார்த்தேன். நூல் ஆடி அடங்கியதும் நண்பன் குனிந்து படித்துச் சொன்ன எண் 55.

டேன் 55 ஐ 20 ஆல் பெருக்கினால் உயரம் கிடைக்க வேண்டும். என் கால்குலேட்டர் மைனஸ் 903.66 என்று காட்டியது. மூன்று முறை போட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் அதே எண்தான். நண்பனின் கைபேசியில் போட்டபோது 28.56 என்று வந்தது. மாடியிலிருந்து நாடாவைத் தொங்கவிட்டு அளந்தபோது தரை வரை 15.3 மீட்டர்தான் இருந்தது. ஒரே கட்டடத்துக்கு மூன்று உயரங்கள். அவற்றில் ஒன்று பூமிக்குள் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் போய் நிற்கிறது.

கணக்கில் எங்கே பிழை என்பதைக் கேட்பதோடு இன்னொன்றையும் கேட்கத் தோன்றுகிறது. 30 ஐக் கொடுத்தால் 0.5 வருகிறது என்பது எனக்குத் தெரியும், ஆனால் அந்த 0.5 எங்கிருந்து வருகிறது என்று நண்பன் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கோணத்துக்குப் பாகை என்ற அலகு இருக்கும்போது சைனுக்கு ஏன் அலகே இல்லை? பாகை என்ற ஒன்று இருக்கையில் ரேடியன் என்று இன்னொன்று எதற்கு? பொறுமையாக விளக்குபவர்களுக்கு முன்கூட்டியே நன்றி.

பதில் — அரைவட்டம்

முதலில் அந்த மைனஸ் எண்ணைப் பார்ப்போம், ஏனென்றால் மூன்று எண்களில் காரணத்தை மிகத் தெளிவாகக் காட்டிக்கொடுப்பது அதுதான். உங்கள் கால்குலேட்டர் பாகையில் இல்லை, ரேடியனில் இருக்கிறது. நீங்கள் கொடுத்த 55 ஐ அது 55 ரேடியன் என்று எடுத்துக்கொண்டது. ஒரு முழுச்சுற்று ஏறத்தாழ 6.283 ரேடியன் என்பதால், 55 ரேடியன் என்பது எட்டு முறை முழுதாகச் சுற்றிவிட்டு, அதற்கு மேலும் 271 பாகையைச் சற்றே தாண்டி நிற்கும் கோணம். 270 பாகையில் டேனுக்கு மதிப்பே கிடையாது. அதை ஒட்டிய கோணங்களில் டேன் மிகப் பெரிய எண்ணாகிவிடும். 270 ஐத் தாண்டிய பக்கத்தில் அது குறை எண். அதனால்தான் மைனஸ் 45.18 வந்தது. அதை 20 ஆல் பெருக்கிப் பாருங்கள், உங்கள் பாதாளக் கட்டடம் கிடைக்கும். கால்குலேட்டர் பிழை செய்யவில்லை, கேட்ட கேள்விக்குச் சரியாகவே பதில் சொல்லியிருக்கிறது. நாம் கேட்டதுதான் வேறு.

இனி எந்தக் கால்குலேட்டரைக் கையில் எடுத்தாலும் முதலில் சைன் 30 ஐப் போட்டுப் பாருங்கள். 0.5 வந்தால் பாகை. மைனஸ் 0.988 வந்தால் ரேடியன். 0.454 வந்தால் கிரேடியன் என்ற மூன்றாவது அலகு. அதில் ஒரு செங்கோணத்துக்கு 100 பங்கு, முழுச்சுற்றுக்கு 400. தெரியாமல் கை பட்டு அந்த மூன்றாவதற்குப் போய்விட்டால் விடை நம்பத்தக்கதாகவே தோன்றும் என்பதால், மூன்றிலும் ஆபத்தானது அதுதான் என்பேன்.

இரண்டாவது பிழை 28.56 க்கான காரணம். கண்மட்டத்துக்குக் கிடையாகக் குழலைப் பிடித்துப் பாருங்கள்: நூல் 90 இல் தொங்கும், 0 இல் தொங்காது. பார்வையை 35 பாகை உயர்த்தினால் நூல் 90 இலிருந்து 35 பாகை விலகி, ஒரு வரிசை எண்களில் 55 இலும் மற்றொரு வரிசையில் 125 இலும் நிற்கும். நீங்கள் படித்த 55 என்பது பார்வைக் கோட்டுக்கும் செங்குத்துக்கும் இடையிலுள்ள கோணம். ஏற்றக்கோணம் என்பது கிடைமட்டத்திலிருந்து அளப்பது, அது 35.

டேன் 35 இன் மதிப்பு 0.7002, 20 ஆல் பெருக்க 14.0 மீட்டர். இதுவும் முழு உயரம் அன்று. நீங்கள் தரையில் படுத்துக்கொண்டு பார்க்கவில்லை அல்லவா? உங்கள் கண் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதையும் கூட்ட வேண்டும். அது 1.4 மீட்டர் என்றால் 15.4 வரும், நாடா சொன்ன 15.3 க்கு அது மிக அருகில்.

பதில் — நாணும்வில்லும்

முந்தைய பதிலில் பிழைகள் தெளிவாகிவிட்டன. நான் பல ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்தி வருபவன் என்பதால், உங்கள் நண்பர் கேட்ட அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் வகுப்பில் அட்டவணை இரண்டாம் நாளே வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் அது இரண்டாம் வாரத்தில் வந்திருக்க வேண்டும்.

ஒரு வரைபடத்தாளில் 10 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் கால்வட்டம் ஒன்று வரையுங்கள். மையத்திலிருந்து 10 பாகைக்கு ஒரு கோடு இழுத்து, அது வட்டத்தைத் தொடும் இடத்திலிருந்து அடிக்கோட்டுக்கு நேர்ச்செங்குத்தாக இறங்கி அந்த உயரத்தை அளவுகோலால் அளந்து எழுதுங்கள். 1.7 சென்டிமீட்டர் வரும். அடுத்து 20 பாகைக்கு 3.4 வரும். 30 க்குச் சரியாக 5. பிறகு 40 க்கு 6.4, 50 க்கு 7.7, 60 க்கு 8.7, 70 க்கு 9.4, 80 க்கு 9.8, கடைசியாக 90 க்கு 10. ஒவ்வொன்றையும் ஆரமாகிய 10 ஆல் வகுத்துவிட்டால் நீங்கள் கையால் செய்த சைன் அட்டவணை அது. உங்கள் பென்சில் முனை எவ்வளவு கூர்மையோ அவ்வளவு துல்லியம்.

இதை வரைந்து முடித்தவர்கள் அட்டவணையில் தென்படாத ஒன்றைக் காண்பார்கள். முதல் 10 பாகையில் உயரம் 1.7 கூடுகிறது, கடைசி 10 பாகையில் 0.2 தான் கூடுகிறது. கோணம் ஒரே சீராக ஏறினாலும் உயரம் தொடக்கத்தில் விரைந்து, மேலே செல்லச் செல்லத் தயங்கித் தயங்கி ஏறுகிறது. 30 பாகைக்கு 0.5 என்றால் 60 பாகைக்கு 1 இருக்க வேண்டாமா என்று கேட்கும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் என் வகுப்பில் இருக்கிறார்கள், அது நியாயமான சந்தேகமும்கூட. ஆனால் இந்தக் கால்வட்டத்தை ஒருமுறை வரைந்தவர்கள் அதைக் கேட்பதில்லை.

30 க்குச் சரியாகப் பாதி வருவது ஏன் என்றால், மூன்று பக்கமும் சமமான முக்கோணத்தின் ஒவ்வொரு கோணமும் 60 பாகை. அதை உச்சியிலிருந்து நேர்பாதியாக வெட்டினால் உச்சிக்கோணம் 30 ஆகிறது, அதற்கு எதிரே இருப்பது அடிப்பக்கத்தின் பாதி, கர்ணமாக இருப்பது முழுப் பக்கம். பாதியை முழுமையால் வகுத்தால் 0.5.

அலகு ஏன் இல்லை என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. 10 சென்டிமீட்டருக்குப் பதிலாக 10 மீட்டர் ஆரத்தில் தரையில் கயிறு கட்டி வரைந்தாலும், 30 பாகையில் உயரம் 5 மீட்டராக இருக்குமே தவிர, வகுத்தால் வருவது அதே 0.5 தான். கோணங்கள் மாறாதவரை முக்கோணம் எவ்வளவு பெருத்தாலும் சிறுத்தாலும் பக்கங்களின் விகிதம் மாறாது. வடிவொத்த முக்கோணங்கள் என்று படித்தீர்களே, முக்கோணவியல் முழுவதும் அந்த ஒரு செய்தியின் மேல்தான் நிற்கிறது. நீளத்தை நீளத்தால் வகுக்கும்போது சென்டிமீட்டரும் மீட்டரும் அடிபட்டுப் போகின்றன. அதனால்தான் கையளவுக் கோணமானியைக் கொண்டு ஒரு கட்டடத்தை அளக்க முடிகிறது.

ரேடியன் எதற்கு என்ற கேள்விக்கு ஒரு சிறு வேலை தருகிறேன். ஓர் அட்டையில் 5 சென்டிமீட்டர் ஆரத்தில் வட்டம் வெட்டி, 5 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு நூலை அதன் விளிம்பின் மேல் வளைத்து ஒட்டுங்கள். நூலின் இரு முனைகளையும் மையத்தோடு சேர்த்தால் கிடைக்கும் கோணம் ஒரு ரேடியன். அது எத்தனை பாகை என்று அளந்து, வட்டத்தைச் சுற்றிவர அப்படி எத்தனை நூல்கள் வேண்டும் என்று எண்ணிவிட்டு வந்து எழுதுங்கள்.

பதில் — ஐந்துவரிசை

மேலே எழுதிய ஆசிரியர் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. கால்வட்டம் வரையும் பயிற்சியும் அருமையானது. ஆயினும் அட்டவணையை மனப்பாடம் செய்ததே குற்றம் என்பதுபோல் தொனிப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. இந்த மாணவருக்கு நேர்ந்த சிக்கல் மனப்பாடம் செய்ததால் வந்தது அன்று. மனப்பாடம் செய்ததைப் பயன்படுத்தாததால் வந்தது.

டேன் 45 என்பது 1 என்றும், டேன் 60 என்பது 1.732 என்றும் அவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். அப்படியானால் டேன் 55 என்பது 1 க்கும் 1.732 க்கும் இடையில் இருந்தாக வேண்டும், 20 ஆல் பெருக்கினால் விடை 20 க்கும் 35 க்கும் இடையில் வந்தாக வேண்டும். மைனஸ் 903 என்ற எண்ணைக் கண்டவுடன் மூன்று முறை அதே பொத்தானை அழுத்துவதை விட்டு, தலையிலுள்ள அட்டவணையோடு ஒப்பிட்டிருந்தால் அங்கேயே சந்தேகம் எழுந்திருக்கும். அடுத்து, 20 மீட்டர் தொலைவில் நிற்பவருக்கு ஏற்றக்கோணம் 45 ஐ விடக் கூடுதல் என்றால் கட்டடம் அவர் கண்மட்டத்துக்கு மேல் 20 மீட்டரைத் தாண்ட வேண்டும். கண்ணால் பார்த்தாலே அக்கட்டடம் அவ்வளவு உயரம் இல்லை என்று தெரிந்திருக்குமே. அந்த ஒரு கணத்தில் 55 என்ற எண்ணின் மேலும் ஐயம் வந்திருக்கும்.

மறந்துவிடுமோ என்று அஞ்சுகிறவர்களுக்கு: சைன் வரிசையை 0, 1, 2, 3, 4 என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் வர்க்கமூலம் கண்டு 2 ஆல் வகுத்தால் 0, 30, 45, 60, 90 பாகைகளுக்கான மதிப்புகள் வரிசையாக வந்துவிடும். அதையே திருப்பி எழுதினால் கொசைன். சைனைக் கொசைனால் வகுத்தால் டேன். 90 பாகையில் வகுக்கும் எண் பூச்சியமாகிவிடுவதால் டேனுக்கு அங்கே மதிப்பில்லை.

கேள்வி கேட்டவர் — வரைபடத்தாள்

மூவருக்கும் நன்றி. கால்குலேட்டரில் சைன் 30 ஐப் போட்டேன், மைனஸ் 0.988 தான் வந்தது. அதே இடத்தில் நின்று குழலைக் கிடையாகப் பிடித்தபோது நூல் 90 இல் தொங்கியதைப் பார்த்துவிட்டு, இது எப்படி என் கண்ணில் படாமல் போனது என்று வெட்கமாக இருந்தது. இதுவரை கோணமானியில் 0 இலிருந்துதான் படிக்க வேண்டும் என்பது பழகிப்போனதால், நூல் எங்கிருந்து புறப்பட்டது என்று நான் யோசிக்கவே இல்லை.

நூல் ஒட்டும் வேலையையும் செய்தேன். முதல் நூலின் கோணத்தைக் கோணமானியில் அளந்தால் 57 க்குச் சற்று மேல் வருகிறது. ஆறு நூல்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிய பிறகும் ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி மிஞ்சுகிறது. இங்கேதான் புதுக் குழப்பம். கவராயத்தில் ஆரத்தின் அளவை மாற்றாமல் வட்டத்தின் மேல் குத்திக் குத்திச் சென்றால் சரியாக ஆறாவது குத்தில் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுகிறதே. அப்படித்தானே ஒழுங்கு அறுகோணம் வரைகிறோம்? அதே 5 சென்டிமீட்டர், அதே வட்டம். கவராயத்துக்கு ஆறு போதும், நூலுக்கு மட்டும் ஏன் போதவில்லை? நூல் சுருங்கிவிட்டதோ என்று எண்ணி மறுபடியும் புதிதாக வெட்டி ஒட்டியும் பார்த்துவிட்டேன்.

பதில் — நாணும்வில்லும்

இந்தக் கேள்வி வந்ததில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. நூல் சுருங்கவில்லை. கவராயத்தின் இரு முனைகளுக்கும் இடையே உள்ளது நேர்க்கோடு, அது நாண். நீங்கள் ஒட்டிய நூல் வட்டத்தோடு வளைந்து செல்கிறது, அது வில். 5 சென்டிமீட்டர் நீளமுள்ள நேர்க்கோடு வட்டத்தின் இரு புள்ளிகளை இணைத்தால், மையத்தோடு சேர்ந்து சமபக்க முக்கோணம் ஆகி, கோணம் அச்சாக 60 பாகை வருகிறது. அந்த நாணுக்கு மேலே உள்ள வில் சற்று நீளமானது, 5.24 சென்டிமீட்டர். நூலோ 5 தான். அது 60 பாகையை எட்டாமல் 57.3 பாகையிலேயே நின்றுவிடுகிறது. அந்த 2.7 பாகைக் குறை ஆறு முறை சேர்ந்து 16.2 பாகை ஆகிறது. வட்டத்தின் மேல் அது 1.4 சென்டிமீட்டர். நீங்கள் கண்ட இடைவெளி அதுவே. வட்டத்தின் பரிதி ஆரத்தைப்போல் இரண்டு பை மடங்கு, அதாவது 6.283 மடங்கு என்று சூத்திரமாகப் படித்ததைத்தான் இப்போது நூலால் எண்ணியிருக்கிறீர்கள்.

ரேடியனின் பயனும் இங்கேயே வெளிப்படுகிறது. ஒரு வட்டத்தை 360 ஆகப் பிரித்தது மனிதர் செய்த ஏற்பாடு. அறுபதின் அடிப்படையில் எண்ணிய பாபிலோனியர் மரபிலிருந்து வந்தது. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, எட்டு, ஒன்பது, பத்து எனப் பலவற்றால் மீதியின்றி வகுபடும் என்பதால் வசதியான எண். ஆனால் வட்டத்துக்கு 360 பற்றி எதுவும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் தன் ஆரம் மட்டும்தான். கோணத்தை ஆரத்தாலேயே அளந்தால், வில்லின் நீளம் என்பது ஆரத்தையும் கோணத்தையும் பெருக்கிய தொகை என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. பாகையில் அளந்தால் ஒவ்வொரு முறையும் பையையும் 180 ஐயும் இழுத்துக்கொண்டு வர வேண்டும். சிறிய கோணங்களில் இன்னொரு நன்மை உண்டு. 0.1 ரேடியனின் சைன் 0.0998. கோணமும் சைனும் ஏறத்தாழ ஒரே எண், ஏனென்றால் அவ்வளவு சிறிய கோணத்தில் வில்லும் அதன் கீழுள்ள செங்குத்துக் கோடும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாத அளவு ஒட்டியிருக்கின்றன. மேல்வகுப்பில் நுண்கணிதம் படிக்கும்போது இது எவ்வளவு பெரிய உதவி என்று தெரியவரும். கணினி நிரல் மொழிகளிலும் சைன் கேட்டால் பெரும்பாலும் ரேடியனில்தான் கொடுக்க வேண்டும்.

சொல்லின் வரலாற்றை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. நாம் வில், நாண் என்கிறோம் அல்லவா? ஆரியபட்டர் 499 ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய நூலிலும் இந்த அளவுக்கு வில்லின் நாணைக் குறிக்கும் ‘ஜ்யா’ என்ற சொல்லே ஆளப்பட்டது. முழு நாணைப் பாதியாக்கி அதை அளந்தார்கள். நீங்கள் கால்வட்டத்தில் அளக்கப்போகும் செங்குத்து உயரம் அந்த அரை நாண்தான். ‘ஜீவா’ என்ற அதன் மறுவடிவம் அரபியில் ‘ஜீபா’ ஆனது; உயிரெழுத்துக் குறிகள் இன்றி எழுதும் வழக்கத்தால் பிற்காலத்தில் அதை ‘ஜைப்’ என்று படித்தார்கள்; ‘ஜைப்’ என்றால் ஆடையின் மடிப்பு, மார்பு என்று பொருள். 12 ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்கு மாற்றியவர்கள் அதே பொருளுள்ள ‘சைனஸ்’ என்ற சொல்லை இட்டார்கள். வில்லின் நாண் இப்படித்தான் சைன் ஆனது.

ஆரியபட்டரின் அட்டவணையில் 24 மதிப்புகள். ஒவ்வொரு படியும் 3 பாகை 45 கலை, அதாவது 225 கலை (ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை). அவர் எடுத்துக்கொண்ட ஆரம் 3438. ஏன் இப்படி ஓர் எண்? வட்டம் முழுவதற்கும் 360 ஐ 60 ஆல் பெருக்க 21600 கலைகள். அந்த 21600 ஐப் பரிதியாகக் கொண்டால் ஆரம் 3437.75 வரும், முழு எண்ணாக 3438. ஆரத்தையும் வில்லையும் ஒரே அலகில் அளப்பது என்றால், உங்கள் அட்டை வட்டத்தில் நூலை ஒட்டியபோது நீங்கள் செய்தது அதுதான். அவருடைய அட்டவணையின் முதல் மதிப்பு 225 கலைக்கு 225 என்றே இருக்கிறது. சிறிய கோணத்தில் வில்லும் அரை நாணும் ஒன்றாகிவிடுகின்றன என்று சற்றுமுன் சொன்னதை அங்கேயே காணலாம். ரேடியன் என்ற பெயர் மட்டும் வெகு பிந்தியது: 1873 இல் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் கல்லூரிக்காக ஜேம்ஸ் தாம்சன் தயாரித்த தேர்வு வினாத்தாளில் அச்சேறியது. ஒரு கலைச்சொல் வினாத்தாள் வழியாக அச்சுக்கு வந்ததை எண்ணினால், அன்று தேர்வெழுதிய மாணவர்கள்பால் எனக்கு எப்போதும் சற்று இரக்கம் உண்டு.

ஐந்துவரிசை அவர்களுக்கு: உங்கள் கண்டனத்தை ஏற்கிறேன். அட்டவணை தேவையில்லை என்பது என் எண்ணமன்று. வரைந்த பிறகு மனப்பாடம் செய்யட்டும் என்பதே.

பதில் — தளமட்டம்

நான் நில அளவைத் துறையில் வேலை பார்ப்பவன். கணக்கைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள், அளப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

கையால் செய்த சாய்வுமானியில் அரைப் பாகைக்கு மேல் துல்லியம் எதிர்பார்க்கக் கூடாது. நூலுக்கே ஒரு தடிமன் இருக்கிறது, கை நடுங்குகிறது, படிப்பவர் நேராகப் பார்க்காமல் சாய்ந்து பார்த்தால் எண் மாறுகிறது. 20 மீட்டர் தொலைவில் 35 பாகையைப் படிக்கும்போது அரைப் பாகை பிழைத்தால் உயரத்தில் 26 சென்டிமீட்டர் மாறிவிடும். உங்களுக்கு 15.4 வந்து நாடாவில் 15.3 இருந்தது என்றால், அந்த 10 சென்டிமீட்டர் வேறுபாட்டுக்காக வருந்த வேண்டாம், அது கருவி தரக்கூடியதைவிட நல்ல விடை.

தொழிலில் பாகையோடு நிற்பதில்லை. ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. நிமிடம், வினாடி என்று சொல்பவர்களும் உண்டு. ஒரு கிலோமீட்டர் தொலைவில் ஒரு பாகை பிழைத்தால் 17 மீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடுவோம். ஒரு விகலை பிழைத்தால் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். இங்கே புதிதாக வருபவர்கள் தவறாமல் செய்யும் பிழை ஒன்று: 35.5 பாகை என்பதை 35 பாகை 50 கலை என்று எழுதிவிடுவார்கள். அரைப் பாகை என்றால் 30 கலை. நானும் முதல் மாதத்தில் அப்படி எழுதி, ஒரு நாள் முழுவதும் எடுத்த அளவுகளை மறுபடி கணக்கிட்டிருக்கிறேன்.

இன்னொரு செய்தி. எங்கே நின்று அளப்பது என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். மிக அருகில் நின்று அண்ணாந்து பார்த்தாலும், மிகத் தொலைவில் நின்று பார்த்தாலும் அதே அரைப் பாகைப் பிழை உயரத்தைக் கூடுதலாகக் கெடுக்கும். உங்கள் கட்டடத்தையே எடுத்துக்கொண்டால், 70 பாகையில் பார்க்கும் அளவுக்கு நெருங்கினால் 38 சென்டிமீட்டர் பிழை வரும். 15 பாகைக்குக் குறையும் அளவுக்கு விலகினால் அரை மீட்டர். 45 பாகைக்கு அருகில்தான் பிழை மிகக் குறைவு.

கடைசியாக, நீங்கள் 55 என்று படித்ததை வீணாக்கவும் வேண்டாம். செங்குத்திலிருந்து அளந்த கோணத்தின் பார்வையில் கட்டடம் அடுத்துள்ள பக்கமாகவும், 20 மீட்டர் எதிர்ப்பக்கமாகவும் மாறிவிடுகின்றன. 20 ஐ டேன் 55 ஆல் வகுத்துப் பாருங்கள், அதே 14.0 வரும். எந்தக் கோணத்தில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் எதிர்ப்பக்கம் எது என்பது.

கேள்வி கேட்டவர் — வரைபடத்தாள்

இன்று மாலை மீண்டும் போய் அளந்தேன். முதலில் 30 மீட்டர் தள்ளி நின்றபோது நூல் 65 இல் நின்றது. 90 இலிருந்து கழிக்க 25. டேன் 25 என்பது 0.466, அதை 30 ஆல் பெருக்க 14.0. பிறகு 20 ஐ டேன் 55 ஆல் வகுத்தேன், அதுவும் 14.0. எதிர்ப்பக்கமும் அடுத்துள்ள பக்கமும் இடம் மாறும் என்று புத்தகத்தில் ஒரு வரியில் படித்திருக்கிறேன். ஆனால் நான் படித்த தவறான எண்ணிலிருந்தே சரியான விடை வந்தபோதுதான் அது என்னவென்று விளங்கியது.

அதன் பிறகு கால்குலேட்டரைப் பையில் வைத்துவிட்டு, குழல் வழியாகக் கைப்பிடிச் சுவரைப் பார்த்தபடியே சுவரை நோக்கி மெல்ல மெல்ல நடந்தேன். நண்பன் பக்கத்தில் குனிந்து நூலையே பார்த்துக்கொண்டு வந்தான். நூல் 45 ஐத் தொட்டதும் நில் என்றான். என் கால் நுனியிலிருந்து சுவர் வரை நாடாவை இழுத்தோம்: 13.9 மீட்டர். என் கண் உயரம் 1.4. இரண்டையும் கூட்டினால் 15.3.

நாளைக்குக் கால்வட்டம் வரையப் போகிறேன். 10 சென்டிமீட்டர் ஆரம் தாளுக்குள் அடங்கினாலும் அளவுகோலில் மில்லிமீட்டரைப் படிப்பது கடினமாக இருக்கும் என்று தோன்றுவதால், சுவர் நாட்காட்டியின் பின்பக்கத்தில் 20 சென்டிமீட்டர் ஆரத்தில் வரையலாமா என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

பதில் — நாணும்வில்லும்

தாராளமாக வரையுங்கள். 20 ஆல் வகுக்க மட்டும் மறந்துவிடாதீர்கள்.